பல்லக்கா கட்டிய ஷெட்

அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதில் உட்கார்ந்து ஒருத்தர் சாப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது. மேஜை நடுவில் ஒரு ரயில் எஞ்சின் ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மெழுகுக் கத்தி, குட்டி ரம்பம், பசை டப்பா, பழைய சீப்பு, கிழித்துப் போட்ட மாத்திரை அட்டைகள். புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் ஒருத்தர், ஜன்னலோரம் ஒருத்தர் என்று சாப்பிட்டார்கள்.

புருஷன் நிஜ ரயில் ஓட்டுகிற டிரைவர். அவர் புலம்பலைக் கேட்க வேண்டுமே!

"பகல் பூரா எஞ்சினோட மாரடிச்சுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் ஷெட்டா? மனுஷன் எங்கதான் போறது?"

"உங்க ஷெட்டுக்கே போங்க. அங்க யாரும் உங்களை மேஜைய விட்டு எழுப்ப மாட்டாங்க" என்பாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அவளுக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவள் பட்டறையில் உட்கார்ந்து அந்த அச்சில் கல்லாக இறுகுகிற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். ஊரில் வயதானவர்கள் சிரிக்கிற சிரிப்பில் பாதி இவள் கைவேலைதான். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு கொடுமை இருக்கிறது. செய்தது செய்ததாகத் தெரியக் கூடாது. "பல்லு அழகா இருக்கே, யாரு கட்டினது?" என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் போச்சு, உழைத்த உழைப்பெல்லாம் பாழ். பஸ்ஸில் எதிர்சீட்டுப் பெரியவர் வாய்விட்டுச் சிரிப்பார். அந்த முன்பல் இரண்டுக்கும் நடுவே இயற்கையாகத் தெரியட்டும் என்று தான் வேண்டுமென்றே விட்ட இடுக்கு இவள் கண்ணில் படும். 'ஐயா, அது நான் வெச்ச பல்லுங்க' என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்ல முடியுமா? அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள்.

அதனால் அவளுக்கு ஓர் ஆசை. ஒரே ஒரு பொருள், தன் கையால் செய்தது, நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிற்க வேண்டும். பார்த்தவர்கள் 'யார் செய்தது?' என்று கேட்க வேண்டும். 'நான்தான்' என்று இவள் வாய் நிறையச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பேராசை என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை.

அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தது மருந்துக்கடை மாடி. கீழே மருந்துக்கடை, மாடியில் பொம்மை ரயில் சங்கம். கடைக்காரர்தான் சங்கத் தலைவர். மாடிக்கூடம் முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பலகை பரப்பி, அதன்மேல் குட்டி மலை, குட்டிப் பாலம், குட்டி ஸ்டேஷன் என்று ஒரு ராஜ்ஜியமே வைத்திருந்தார்கள். நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது அங்கே ஒரு அடியாக இருக்கும். அந்தக் கணக்கில் வெட்டிய நகத்தளவு கூடினாலும் குறைந்தாலும் சண்டைக்கு வருவார்கள். ஒரு தடவை தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில், தலைவர் ஒரு குட்டி ரயில் பெட்டியின் உடைந்த படிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இவள் வாங்கிப் பார்த்து, "குடுங்க, நாளைக்குத் தர்றேன்" என்று கொண்டுபோய்ப் பல்லுக்குப் போடுகிற பிசினில் ஒரு படி செய்து ஒட்டிக் கொடுத்தாள். எது பழசு எது புதுசு என்று தலைவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றோடு சங்கத்தில் சேர்ந்தாள். பல்லக்கா என்ற பெயரும் அன்றோடு ஒட்டிக்கொண்டது.

பலகையின் ஒரு மூலையில் இரண்டு தண்டவாளங்கள் போய்ச் சும்மா முடிந்தன. அங்கே எஞ்சின் ஷெட் வர வேண்டும். ஊரார் பார்க்கச் சங்கம் கண்காட்சி வைக்கப்போகிறது, அதற்குள் ஏதாவது நிறுத்தியாக வேண்டும். பெட்டியில் வருகிற ரெடிமேட் ஷெட் ஒன்றைத் தலைவர் வாங்கியே வைத்துவிட்டார். வெட்டி ஒட்டினால் போதும்.

"பெட்டியில வந்ததா? நம்ம பலகையிலயா? வேண்டாங்க. நான் கட்டுறேன்" என்றாள் பல்லக்கா.

தலைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "கட்டுங்க. ஆனா நம்ம வழக்கம் தெரியும்ல?"

தெரியும். சொந்தமாகக் கட்டியது எதுவானாலும், சங்கத்தில் இருப்பதிலேயே உயரமான எஞ்சினைக் கட்டியவர்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். எஞ்சின் நிற்கும்வரை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. எங்காவது உரசினால் கட்டடம் பலகையை விட்டு இறங்கிவிடும், அப்பீல் கிடையாது. தலைவரே ஆசை ஆசையாகக் கட்டிய பாலம் ஒன்று அப்படி இறங்கி, கீழே கடையில் இருமல் மருந்து அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கிறது. யாராவது அதைப் பார்த்துக் கேட்டால் மனிதர் பேச்சை மாற்றிவிடுவார்.

எந்த ஷெட்டைக் கட்டுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. புருஷன் தினம் போய் வருகிற ஷெட்தான். வருஷத்தில் ஒருநாள் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அளவுநாடாவும் கையுமாகப் போனாள். வாசல் வளைவு எட்டுகிற உயரமா? அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. சட்டென்று புருஷனைப் பிடித்து வாசலில் நிறுத்தினாள். அவர் உயரம் இவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே விசாரித்தாயிற்று. படமெடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தால் தீர்ந்தது.

"நேரா நில்லுங்க. அளக்கணும்."

"அளக்கறதுன்னாலும் ஒரு ஸ்டைல் வேணாமா?" என்று அவர் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைத் தண்டவாளத்தின் மேலும் வைத்து, இடுப்பில் கைகொடுத்து நின்றார். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். வளைவின் உச்சி இரண்டேமுக்கால் புருஷன் உயரம் என்று கணக்கு வந்தது.

அதற்கப்புறம் அவள் கட்டியதைச் சும்மா சொல்லக் கூடாது. பல் அச்சுக்கு ஊற்றுகிற மாவைக் கண்ணாடிமேல் மெல்லிய தகடாக ஊற்றி, அது கெட்டியாவதற்குள் மெழுகுக் கத்தியால் செங்கல் செங்கலாகக் கீறினாள். நேர்கோடு போட்டுக் கீறியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். நிஜச் சுவரில் எந்தக் கல் வெளியே துருத்துகிறது, எது மழையில் அரித்திருக்கிறது, எந்த இடத்தில் பிற்பாடு யாரோ வேறு நிறக் கல்லை வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று படத்தைப் பார்த்துப் பார்த்துக் கீறினாள். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை உரித்து, சீப்பின்மேல் வைத்துத் தேய்த்தால் நெளிநெளியாகக் கூரைத் தகரம் வந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு என்ன செய்வது என்று முழித்தபோது கைகொடுத்தவள் நாத்தனார். ரெடிமேட் துணிக்கடையில் வேலை. புதுச் சட்டையின் காலருக்குள் ஒரு கண்ணாடித்தாள் இருக்குமே, அதைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டாள்.

"அண்ணி, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குள்ள எங்க அண்ணனை எப்படி நுழைப்பீங்க?"

"உங்க அண்ணன் வாயை மட்டும் கழட்டி வெளிய வெச்சுட்டா தாராளமா நுழைவாரு."

கட்டிலிலிருந்து, "காது கேக்குது" என்று குரல் வந்தது.

வாசல் வளைவுதான் அவள் உயிரை வாங்கியது. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக, ஆப்பு மாதிரி மேலே அகலம் கீழே குறுகலாக ராவி, பசை தொட்டு, ஊசிமுனையால் தள்ளி வைத்தாள். முதல் வளைவு கோணல். உடைத்துப் போட்டாள். இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது, நாத்தனார்கூட அழகு என்றாள். இவளுக்குப் பிடிக்கவில்லை, அதையும் உடைத்தாள். மூன்றாவது நின்றது. புகை படிந்த கருப்புக்குப் பென்சில் தூளை விரலால் பூசி எட்ட நின்று பார்த்தபோது, அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. சங்கத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த அந்த உயரமான எஞ்சினை மேஜையில் வைத்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. தலைக்கு மேலே தாராளமாக இடம்.

"போகுதே!" என்றார் டிரைவர், மடியில் தட்டோடு எட்டிப் பார்த்து.

கண்காட்சிக்கு முதல் நாள், சனிக்கிழமை மதியம், ஷெட்டைத் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். துணியை விலக்கினதும் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கம்பி என்று ஒருவர் உண்டு. வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர், ஆளும் அப்படியே ஒல்லி. யாரையும் லேசில் பாராட்டாத அந்த மனிதர் குனிந்து வளைவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னக்கா இது, நிஜத்தை அப்படியே துவைச்சுச் சுருக்கிட்டீங்களா?" என்றார். பல்லக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஷெட்டை மூலையில் தண்டவாளத்துக்கு மேலாக இறக்கி வைத்தாள். உயரமான எஞ்சினை எடுத்து வந்து வைத்தார்கள். வேகம் கூட்டுகிற குமிழ் இவள் கையில். எல்லா வாயும் மூடியாயிற்று. எஞ்சின் மெல்ல, கம்பீரமாக, யார்டைத் தாண்டி, ஷெட்டை நெருங்கி, மூக்கை உள்ளே விட்டது.

'டக்.'

எஞ்சினின் கூரை வளைவின் உச்சியில் இடித்தது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. வளைவிலிருந்து மாவுத் துளி ஒன்று எஞ்சின்மேல் விழுந்தது. குமிழைத் திருப்பி நிறுத்தக்கூட அவளுக்குக் கை வரவில்லை. கம்பிதான் எட்டி நிறுத்தினார்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வழக்கம் முடிந்த பிறகும் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், தன் பாலம் நினைவுக்கு வந்திருக்கும். "இந்தாங்க பல்லக்கா, இவ்வளவு அழகா கட்டிட்டு இறக்க மனசு வருமா? ரெண்டு மில்லிமீட்டர்தான் இடிக்குது. ஆர்ச்சு உச்சியில அடிப்பக்கமா லேசா ராவிடுங்க. இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

கம்பி பையிலிருந்து அரத்தை எடுத்தே விட்டார்.

யாருக்குத் தெரியப் போகுது! அந்த ஒரு வார்த்தைதான். இத்தனை வருஷம் பட்டறையில் கேட்ட வார்த்தை. அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அரத்தை உள்ள வைங்க. என் ஆர்ச்சுல யாராவது கை வெச்சா அப்புறம் நடக்கறதே வேற. ராவினா வளைவு வளைவா இருக்காது, கழுதை முதுகா இருக்கும். அதுக்கு நீங்க உங்க பெட்டியையே பிரிச்சு ஒட்டிக்கலாம்."

"பெட்டி கீழதான் இருக்கு" என்றார் தலைவர் மெல்ல. குத்தலாகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டார். "நாளைக்குக் காலையில ஜனங்க வந்துருவாங்களே. சாயங்காலம் வரைக்கும் பாருங்க. முடியலைன்னா அதை ஒட்டிருவோம்."

ஆக, சாயங்காலம் வரைக்கும். அதற்குள் வழி தெரியாவிட்டால் அவள் ஷெட் இருமல் மருந்து அலமாரிக்குப் போகும், பாலத்துக்குத் துணையாக. ஊரார் வந்து பெட்டியில் வந்த ஷெட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. பல் வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்செட் வாயில் உயர்ந்து நிற்கிறது, வாய் மூடவில்லை என்று திரும்பி வந்தால், எல்லாரும் முதலில் பல்லைத்தான் ராவச் சொல்வார்கள். ராவிவிட்டால் அப்புறம் அது பல்லாக இருக்காது. இவள் பல்லைத் தொடவே மாட்டாள். முதலில் அடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பத்தில் ஒன்பது தடவை தப்பு அடியில்தான் இருக்கும்.

முட்டி போட்டு, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். பலகை. அதன்மேல் சத்தம் அடக்குவதற்குத் தக்கை. தக்கைமேல் சிலிப்பர் கட்டை. கட்டைமேல் தண்டவாளம். எஞ்சின் அத்தனைக்கும் மேலே ஏறி நின்றது. ஷெட்டோ கீழே பலகையில் நின்றது. வீட்டில் மேஜைமேல் ஓட்டிப் பார்த்தபோது தண்டவாளமே இல்லை, எஞ்சின் வெறும் மேஜையில் உருண்டது.

"அட முட்டாள்!" என்று தன் தலையிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டாள்.

ஆனால் இத்தோடு தீரவில்லை. அப்படியென்றால் நிஜ ஷெட்டில் மட்டும் எப்படி இடிக்காமல் போகிறது? அங்கேயும் தண்டவாளம் கட்டைமேல்தானே? அவள் அளந்தது தரையிலிருந்து. அளவு தப்பில்லை, அதை மூன்று தடவை சரிபார்த்தவள் அவள். போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். இடுப்பில் கை வைத்துப் புருஷன் இளித்துக்கொண்டு நின்றார். ஒரு கால் தரையில். ஒரு கால் தண்டவாளத்தின்மேல். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு கால் மேடேறியிருந்தால் முழங்கால் மடங்க வேண்டும், இல்லை ஆள் ஒரு பக்கம் சாய வேண்டும். இரண்டு காலும் விறைப்பாக நேரே இருந்தன. தோள் இரண்டும் தராசு மாதிரி சமமாக இருந்தன.

உடனே புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, உங்க ஷெட்டுக்குள்ள தரையும் தண்டவாளமும் ஒரே மட்டமா?"

"பின்ன? சாமான் ஏத்தின தள்ளுவண்டி எப்படி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும்? வெளியிலதான் ஜல்லியும் கட்டையும். உள்ள தண்டவாளத்து உச்சி வரைக்கும் தரை போட்டிருக்கும். ஏன் கேக்கற?"

"இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டியா?"

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்று போனை வைத்தாள். ஆனால் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எழுந்து நின்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஆர்ச்சு சரி. என் அளவும் சரி. உயரம் குறையறது தரைதான். தண்டவாளத்து உச்சி வரைக்கும் தரை ஊத்திட்டு, அதுக்கு மேல ஷெட்டை உக்கார வெச்சா நிஜத்துல எப்படியோ அப்படியே நிக்கும்."

"தண்டவாளத்தைச் சுத்தி மாவு ஊத்தறதா?" கம்பி குறுக்கே வந்தார். "சக்கரத்துக்கு ஓரத்துல விளிம்பு இருக்குக்கா. உள்பக்கம் பள்ளம் இல்லைன்னா வண்டி ஏறி நின்னுக்கும். அந்தப் பள்ளத்தைக் கத்தியால வெட்டினீங்கன்னா தண்டவாளம் கீறிப் போகும், கரண்ட்டும் போகும்."

"கத்தி எதுக்கு? வண்டியையே கடிக்க விடுவோம்."

ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பல் கட்டுகிறவர்களுக்கு விளங்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேருகின்றன என்று பார்க்க, மெழுகைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். பல் பதிந்த தடம் பொய் சொல்லாது. பட்டறை பக்கத்துத் தெருதான். ஓடிப்போய் ஒரு பை மாவும் கிண்ணமும் வாஸ்லினும் கொண்டுவந்தாள். கம்பி கரண்ட்டை அணைத்தார். தண்டவாளங்களைச் சுற்றி அட்டையால் அணை கட்டினாள். மாவைக் கரைத்து, குமிழி வராமல் தட்டித் தட்டி ஊற்றி, தண்டவாள உச்சியோடு உச்சியாக வழித்துவிட்டாள். ஒரு குட்டி ரயில் பெட்டியின் சக்கரங்களில் வாஸ்லினைப் பூசி, மாவு இறுகுகிற பதத்துக்குக் காத்திருந்தாள். அந்தப் பதம் அவள் விரலுக்குத் தெரியும். தொட்டாள், இல்லை. தொட்டாள், இன்னும் இல்லை. மறுபடி தொட்டாள்.

"இப்போ" என்று பெட்டியை மெதுவாக, ஒரே சீராக உருட்டினாள். போகச் சொல்லி ஒரு தடவை, வரச் சொல்லி ஒரு தடவை. சக்கர விளிம்பு தனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பள்ளத்தை மாவில் தானே கடித்து எடுத்துக்கொண்டது. தலைவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கீழே கடையில் யாரோ மருந்துச் சீட்டோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர் காதில் விழவில்லை.

மாவு காயக் காற்றாடியைத் திருப்பி வைத்தார்கள். காய்ந்ததும் தண்டவாள உச்சியைத் துணியால் துடைத்தாள், தரைக்குச் சாம்பல் நிறம் கொடுத்தாள், எண்ணெய் சிந்தின கறைகளை வைத்தாள். அப்புறம் ஷெட்டைத் தூக்கி அந்தத் தரைமேல் வைத்தாள். வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது.

"தலைவரே, வழக்கப்படி இன்னொரு தடவை ஓட்டலாமா? அப்பீல் கிடையாதுன்னு சொல்வீங்களே?"

"ஆர்ச்சை ராவிட்டு இன்னொரு தடவை ஓட்டுங்கன்னு சொன்னவனே நான்தான். நீங்க ராவாமயே ஓட்டப் போறீங்க. நான் என்னத்தைச் சொல்ல? ஓட்டுங்க."

குமிழைத் தொட்டாள். எஞ்சின் புறப்பட்டது. யார்டைத் தாண்டியது. வாசலுக்கு வந்தது. வளைவுக்கும் தன் கூரைக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி விட்டு, எஞ்சின் சாவதானமாக உள்ளே போய், கடைசிச் சுவருக்கு முன்னால் நின்றது.

கம்பி போட்ட கூச்சலில் மருந்து வாங்க வந்தவர்களே மாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள். தலைவர் பேசாமல் கீழே போய், பெட்டியில் வந்த ஷெட்டைக் கொண்டுபோய் இருமல் மருந்து அலமாரிக்கு மேலே, தன் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தெருவே தனக்கு வழிவிட வேண்டும் என்கிற நடை.

மறுநாள் கூட்டமோ கூட்டம். பல்லக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, மூலையில் தன் ஷெட்டுக்குப் பக்கத்தில், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். மலையைப் பார்த்தார்கள், ஸ்டேஷனைப் பார்த்தார்கள், ஷெட்டுக்கு வந்ததும் நின்றார்கள். ஒரு அம்மாள் குனிந்து, செங்கல்லை, கூரையை, வாசல் வளைவை, உள்ளே தரையை எல்லாம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எவ்வளவு கச்சிதமா இருக்கு! இது எந்தக் கம்பெனி செட்டுங்க? எங்க வாங்கினீங்க?"

எங்க வாங்கினீங்க! பல்லக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. செய்தது செய்ததாகத் தெரியவில்லை. இங்கேயும். 'நான்தான்' என்று சொல்லத்தானே இத்தனை மாதம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்? சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. எத்தனை வருஷமாக விழுங்கிப் பழகின வார்த்தை அது! "அது வந்துங்க..." என்று மட்டும் சொல்லி நின்றாள்.

"வாங்கலீங்க."

பின்னாலிருந்து வந்த குரல். டிரைவர். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார், சீருடைகூட மாற்றவில்லை. பக்கத்தில் நாத்தனார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து கிண்டல் அடித்த மனிதரா இவர் என்று இருந்தது.

"இது வாங்கினதில்லைங்க. கட்டினது. ஒவ்வொரு கல்லா, எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில. நான் தினம் இந்த ஷெட்லதான் வேலை பாக்கறேன், எனக்குத் தெரியும். இந்த அடைச்ச கல்லு அங்க இருக்கு. இந்தக் கறை அங்க இருக்கு. ஒண்ணுதான் வித்தியாசம். அந்த ஷெட்டைக் கட்டினது யாருன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. இதைக் கட்டினது யாருன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுக் குனிந்தார். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய், தினம் எஞ்சினை உள்ளே விடுகிறபோது பார்க்கிற மாதிரி, அந்த வளைவை வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "தூசி" என்றார். நாத்தனார் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எக்கிக் கேட்டார். "கட்டினதா? அடேயப்பா! யாருங்க கட்டினது?"

டிரைவர் மறுபடி நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார். பல்லக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். அப்புறம் கூடம் முழுக்கக் கேட்கும்படி, வாய் நிறையச் சொன்னாள்: "நான்தாங்க."